ஏற்றத்தில் குதித்த வண்டி

மலையடிவாரத்துப் பம்ப் அறையில் மோட்டார் ஓட்டுகிறவருக்குக் காலை வேளையில் அதைவிட நல்ல வேடிக்கை கிடையாது. வால்வுக்காரர் சைக்கிளில் ஏறி மேட்டை நோக்கி மிதிப்பார். வலது காலை அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் பொசுக்கென்று அமுங்கும். கால் மேலே வந்ததும் துள்ளி எழும். இடது காலுக்கும் அதே கதைதான். முன்னால் போவதைவிட மேலும் கீழும் போவதுதான் அதிகம்.

"என்னண்ணே, சைக்கிள்ல போறீங்களா, குதிரையில போறீங்களா?"

"குதிரைன்னா புல்லோட விட்டுடும். இது என் முழங்காலையே மேயுது."

"காலை மேஞ்சா பரவால்ல, நேரத்தையும்ல மேயுது! நீங்க போய்த் திறக்கறதுக்குள்ள மேல்தெருவுல பக்கெட்டைத் தட்டிக்கிட்டு நிக்கறாங்க. திட்டு எனக்கு விழுது. சைக்கிள் கடைக்காரனோட அக்காவைக் கட்டினவரு நீங்க. ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டக் கூடாதா?"

"காட்டறேன், காட்டறேன்."

காட்ட மாட்டார். வண்டி ஏன் குதிக்கிறது என்று அவருக்கே தெரியும். சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியும். ஒரு குவளை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. அதற்குத்தான் அவர் பயந்தார்.

அவருடைய வேலை மலையுச்சியில். அங்கே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அடிவாரத்து மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். இவர் தொட்டியின் வால்வைத் திறந்து தெருத் தெருவாக இறக்கிவிடுவார். ஸ்டீயரிங் அளவுள்ள இரும்புச் சக்கரத்தை மெதுவாகத்தான் திருக வேண்டும். அவசரப்பட்டால் குழாய் தடதடவென்று உதைத்துக்கொண்டு எங்கேயாவது வெடிக்கும். பூமிக்கடியில் எங்காவது கசிந்தால் அதையும் இவர்தான் கண்டுபிடிப்பார். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். "இங்க தோண்டு" என்பார். தோண்டினால் ஈரம் இருக்கும்.

சைக்கிள் அவருடையது அல்ல. அவர் மனைவியுடையது.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மலைச்சரிவில் தள்ளித் தள்ளி இருந்த வீடுகளுக்கு மாத்திரைகளையும் பாட்டில்களையும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. பாதை முழுக்கக் கல்லும் படியும். சாதாரண சைக்கிளில் போய் இடுப்பு கழன்றுவிட்டது என்று அவள் புலம்பியதைக் கேட்டு, அவளுடைய தம்பி தன் கடையில் கிடந்த மலைச் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டி அவளுக்குக் கொடுத்தான். பின்சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே கையடக்கமான ஓர் உருளை இருந்தது. அதைத்தான் ஷாக் என்பார்கள். சுருள் கம்பிக்குப் பதிலாக அதற்குள் காற்றுதான் இருந்தது. சின்னப் பம்ப் ஒன்றால் அழுத்தி அடைத்த காற்று.

"அக்கா, இந்தக் காத்து ஆளோட எடைக்குத் தக்கபடி இருக்கணும்" என்று தம்பி சொல்லிக் கொடுத்தான். "இங்க பாரு, ஷாக் தண்டுல ஒரு ரப்பர் வளையம் இருக்கு. நீ அசையாம உக்காந்தா ஷாக் அமுங்கி இதைத் தள்ளும். நான் கீறி வெச்ச கோடு வரைக்கும் வந்தா சரி. கோட்டைத் தாண்டிப் போனா காத்து பத்தலன்னு அர்த்தம், மேட்டுல மிதிக்கும்போது குதிக்கும். கோட்டுக்கு வரவே இல்லன்னா காத்து ஜாஸ்தி, ஒவ்வொரு கல்லும் உதைக்கும்."

அவள் கெட்டிக்காரி. கடையில் இருந்த பம்பின் மீட்டர்க் கண்ணாடியில் தன் எடைக்கு முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு வந்தாள். "அக்கா புள்ளி. அழிச்ச, கையை முறிச்சுடுவேன்" என்று தம்பியிடம் சொன்னாள். அவனும் அழிக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் அவ்வப்போது ஒரு சடங்கு நடக்கும். "ஏங்க, கொஞ்சம் வந்து பிடிங்க" என்று நடையிலிருந்து கூப்பிடுவாள். இவர் போய் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வார். அவள் ஏறிச் சிலைபோல உட்காருவாள். இவர் குனிந்து வளையத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வந்துடுச்சு."

"நல்லாப் பாருங்க. கண்ணாடி போட்டுப் பாருங்க."

"வந்துடுச்சுன்னா வந்துடுச்சு. இறங்கு தாயே, கை வலிக்குது."

"இந்த எடைக்கே கை வலிக்குதா? நீங்க ஏறி உக்காந்தா இதுக்கு ஷாக் பத்தாது, லாரி வில்லுதான் வெக்கணும்."

அவருக்குத் தொப்பை உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் அவளுக்கு ஒரு நாள் போனதில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தத் தொப்பைதான் செல்லப்பிள்ளை.

கடைசி வருஷத்தில் அவள் அடிக்கடி கூப்பிட்டாள்.

"பாருங்க, வந்துடுச்சா?"

"இன்னும் வரலை."

அவள் இறங்கி, கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, ஷாக்கின் வாயில் இருந்த குட்டி ஆணியை ஒரு நொடி அழுத்துவாள். சுர்ரென்று கொஞ்சம் காற்று போகும். மறுபடி ஏறுவாள்.

"இப்ப?"

"வந்துடுச்சு. என்ன, மகாராணிக்கு மெத்தை பத்தலையா?"

"உடம்பு நோகுதுங்க. கல்லுல தூக்கித் தூக்கிப் போடுது."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாளும் அப்படிக் கூப்பிட்டாள். கொஞ்ச நாளாக வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினார்கள். "வந்ததும் மேல்தெருவுக்குப் போகணும். அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை அழுத்தினாள். வளையம் கோட்டுக்கு வந்ததும் மூடியைத் திருகி மூடினாள்.

வயிற்றுக்குள் கட்டி இருந்தது. பார்த்தபோது கை மீறிப் போயிருந்தது. அவள் அந்த வண்டியில் மறுபடி ஏறவில்லை.

எல்லாம் முடிந்தபிறகு இவருடைய அக்கா வந்து தங்கினாள். "பார்த்துப் பார்த்து அழறதுக்கா இதெல்லாம்?" என்று இவர் மனைவியின் துணிமணிகளை மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்தாள். தப்பித்த ஒரு சட்டையை அவர் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார். அதில் இருந்த வாசனை, துவைக்காமலே, கொஞ்ச நாளில் போய்விட்டது. அவள் கையால் போட்டு வைத்த மிளகாய்ப்பொடி தீர்ந்தது. சோப்பு கரைந்தது.

அப்போதுதான் ஒருநாள் நடையில் சாத்தியிருந்த வண்டியைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த உருளைக்குள் இருப்பது அவள் விட்டுவைத்த காற்று. அவள் அளவு பார்த்து, அவள் மூடிய காற்று. ஆயுசு முழுக்க வால்வோடு வாழ்ந்தவருக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும்: மூடினது மூடினபடி இருந்தால் உள்ளே இருப்பது எங்கேயும் போகாது.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். காற்றைப் போய் யாராவது கட்டிக் காப்பாற்றுவார்களா? ஊமை கண்ட கனவுபோல மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குவளையில் சோப்பு நுரை கலக்கி, ஷாக்கின் வாயிலும் இடுக்குகளிலும் தடவி, தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார். ஒரு குமிழி வருகிறதா? வரவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்து போவார்.

அப்படியே நடையில் நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆபீஸ் ஜீப் பழுதாகி நின்றது. "வேற வண்டி வர்ற வரைக்கும் எப்படியாவது போய்க்கோங்க" என்று இன்ஜினியர் சொன்னார். வால்வுக்காரருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. மலையை நடந்து ஏறினால் இறங்கும்போது கண்ணில் நீர் வரும். மிதிப்பது அவ்வளவு வலிக்கவில்லை. அதனால் அவள் வண்டியை எடுத்தார்.

அவர் உட்கார்ந்ததும் ஷாக் ஏறக்குறைய முழுசாக அமுங்கிவிட்டது. வளையம் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. சின்ன உடம்புக்கு வைத்த காற்று இவரைத் தாங்குமா?

காற்றைத் தொடாமல் குதிப்பைக் குறைக்க அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். ஷாக்கின் தலையில் ஒரு நீலப் பிடி உண்டு. மேட்டுக்கு முன்னால் அதைத் திருப்பினால் ஷாக் கொஞ்சம் இறுகும். இறுகத்தான் செய்தது, ஆனால் ஏற்கெனவே தரையோடு தரையாக அமுங்கிய நிலையில் இறுகி என்ன பயன்? கனமான கியரில் எழுந்து நின்று மிதிப்பதை விட்டார். சின்ன கியரில், உட்கார்ந்தபடி, சீட்டின் மூக்கு நுனிக்கு நகர்ந்து, கால்களை வட்டமாகச் சுற்றப் பழகினார். "மாவு இடிக்கிற மாதிரி மிதிக்காதீங்க, மாவு அரைக்கிற மாதிரி மிதிங்க" என்று அவள் எப்போதோ அவருக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. தோளை ஆட்டாமல், மூச்சைச் சீராக விட்டு மிதித்தால் குதிப்பு பாதியாகக் குறைந்தது. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மீதிப் பாதியை அவர் பொறுத்துக்கொண்டார்.

ஆனால் வண்டி பொறுக்கவில்லை. கடைசி வளைவு செங்குத்து. பின்பக்கம் அமுங்கிக் கிடந்ததால் பெடல் தரைக்கு மிக அருகில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் அது ஒரு கல்லில் மோதியது. வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார். முழங்கால் கிழிந்தது. எழுந்து நொண்டி நொண்டி உச்சிக்குப் போவதற்குள் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் பாதையை அறுத்து, மேல்தெருக் குழாயையும் பெயர்த்துக்கொண்டு கீழே ஓடியது. மேல்தெருவுக்கு அன்று சொட்டுத் தண்ணீர் இல்லை.

இன்ஜினியர் கத்தவில்லை. அதுதான் உறைத்தது. "உங்க வீட்டு நிலைமை தெரிஞ்சு இத்தனை நாள் பேசாம இருந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேல வேற ஆளைப் போட்டுட்டு உங்களை ஆபீஸ்ல உக்கார வெச்சுடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

ஆபீஸில் உட்காருவது என்றால் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. வீட்டில் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பகலிலும் அதுதான் என்றால் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

செய்தி மைத்துனன் காதுக்கும் போயிருந்தது. மறுநாள் மதியம் அவனே வந்து வாசலில் நின்றான்.

"மாமா, மரியாதையா வண்டியை எடுத்துட்டு வாங்க. இல்லன்னா நான் தூக்கிட்டுப் போவேன்."

"அது ஒண்ணுமில்ல மாப்ள…"

"ஒண்ணுமில்லாததுக்கா முழங்கால்ல கட்டு? வேற சைக்கிள் தரேன்னா வேணாங்கறீங்க. இதைச் சரிபண்றேன்னாலும் வேணாங்கறீங்க. ஊர்ல என்னைக் கேக்கறான், உன் மாமா வண்டிக்கே வைத்தியம் பார்க்கல, எங்க வண்டிக்கா பார்க்கப் போறேன்னு."

கடை ஒரு நீளமான அறை. கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்கின. தரை முழுக்க எண்ணெய்க் கறை. மைத்துனன் வண்டியைத் தாங்கியில் மாட்டினான். பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, அவன் கை தன் வழக்கப்படி ஷாக்கின் மூடியைத் திருகி எடுத்தது. எந்த ஷாக் வந்தாலும் முதலில் உள்ளே இருக்கும் பழைய காற்றை முழுக்க வெளியே விடுவது அவன் பழக்கம். ஆணியை அழுத்த ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோனான்.

வால்வுக்காரர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதே!"

கடைக்கு வெளியே நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனன் வெலவெலத்துப் போனான்.

"என்ன மாமா?"

"அது… அதுல இருக்கறது உங்க அக்கா வெச்ச காத்து."

சொன்னதும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. கையை விட்டார். மைத்துனன் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை மெதுவாகத் தட்டில் வைத்தான். கொஞ்ச நேரம் எண்ணெய்க் கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இதுக்காகத்தான் இத்தனை நாள் குதிச்சுக்கிட்டே போனீங்களா?"

அவர் தட்டில் இருந்த ஸ்க்ரூடிரைவரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"சரி. வெளிய விட வேணாம். இருக்கறது இருக்கட்டும், அதுக்கு மேலயே அடிக்கலாம். அதோட சேர்ந்து இதுவும் இருக்கும். என்ன, பம்பைக் கழட்டும்போது குழாய்ல ஏறினது ஒரு மூச்சு போகும். அதை மட்டும் என்னால நிறுத்த முடியாது மாமா."

அவர் யோசித்துத் தலையாட்டினார்.

மைத்துனன் சின்னப் பம்பை எடுத்துக் குழாயை ஷாக்கின் வாயில் திருகினான். மீட்டரில் முள் எழுந்தது. எழுந்த வேகத்தில் நின்றுவிட்டது. சிவப்புப் புள்ளி எங்கேயோ இருந்தது. முள் அதற்கு வெகு கீழே நின்றது.

"பார்த்தீங்களா, லீக் ஆகியிருக்கு. நீங்க காப்பாத்தின லட்சணம்."

"லீக் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க? அக்கா எடைக்கு முள் இந்தப் புள்ளியில நிக்கணும். நான் பம்பை மாட்டினதுல கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஆனா இவ்வளவு குறையாது."

"லீக் இல்ல மாப்ள. வாராவாரம் சோப்பு நுரை போட்டுப் பார்த்திருக்கேன். ஒரு குமிழி வரல. லீக்கை எனக்கா சொல்லித் தர்ற?"

மைத்துனன் நம்பவில்லை. நடுவில் பம்பைக் கழற்றினால் இன்னொரு மூச்சு போகும் என்று, மாட்டியபடியே நுரை தடவிப் பார்த்தான். தன் சிகரெட் லைட்டரைக் கொளுத்தி ஒவ்வோர் இடுக்கிலும் ஒளி காட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"அப்ப அக்காவேதான் இறக்கியிருக்கணும். ஆனா ஏன்? இவ்வளவு கம்மியா, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத்தான் வெப்போம்…"

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வால்வுக்காரர் பக்கத்திலிருந்த முக்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். "வளையம் வரலைன்னு நான்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும்."

உடம்பு இளைக்க இளைக்க ஷாக் அமுங்குவது குறைந்தது. வளையம் கோட்டுக்கு வரவில்லை. வரவைப்பதற்காக அவள் காற்றை விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். இவர் குனிந்து பார்த்து, வரலை, வரலை என்று சொல்லிவிட்டு, மெத்தையைப் பற்றிக் கேலி பேசியிருக்கிறார். அவளுக்கு எப்போதும் தொளதொள சட்டைதான். சட்டைக்குள் உடம்பு இருந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை. மண்ணுக்கடியில் கசிந்தால் கம்பி வைத்துக் கேட்கிற காது, சொந்த நடையில் சுர்ரென்று போனதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமா மாமா?"

"வளையம் பார்க்கத் தெரிஞ்சவ அவ."

வெளியே யாரோ மணியடித்து, "ட்யூப் ரெடியா?" என்று கேட்டார்கள். "நாளைக்கு வா" என்றான் மைத்துனன், திரும்பாமலே.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். "குடு" என்று பம்பைக் கையில் வாங்கிக்கொண்டார்.

சின்னப் பம்ப்தான், ஆனாலும் அழுத்துவது கஷ்டம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் முள் மயிரிழை நகர்ந்தது. தன் வேலையில் சக்கரத்தைத் திருகுவதுபோல அவர் அவசரப்படாமல் அடித்தார். முள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எடையைத் தாண்டியது. கடைசி வருஷத்தின் ஒவ்வொரு சுர்ரும் வந்த வழியே திரும்பி வருவதுபோல மேலே மேலே ஏறியது. சிவப்புப் புள்ளிக்கு நேராக வந்தபோது நிறுத்தினார்.

படிகளில் மருந்துப் பையோடு தடதடவென்று இறங்குகிறவளின் எடை அது. லாரி வில்லுதான் வெக்கணும் என்று சிரித்தவளின் எடை.

கை பம்பின் மேலேயே இருந்தது. மைத்துனன் கூரையில் தொங்கிய ஒரு சக்கரத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

பிறகு மெதுவாக, "இன்னும் வேணும் மாமா. இது உங்களைத் தாங்காது" என்றான்.

"தெரியும்."

மறுபடி அடிக்கத் தொடங்கினார். முள் புள்ளியை விட்டு நகர்ந்தது. பம்பைக் கழற்றியபோது ஒரு மூச்சு போனது. மைத்துனன் வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்கிச் சாயாமல் பிடித்துக்கொண்டான். அவர் ஏறி அசையாமல் உட்கார்ந்தார். அவன் குனிந்து பார்த்தான்.

"வந்துடுச்சு மாமா."

"நல்லாப் பாரு" என்றார் அவர்.

மறுநாள் காலை மோட்டார்காரர் பம்ப் அறை வாசலில் தயாராக நின்றிருந்தார். வண்டி ஆடாமல் அசங்காமல் மேட்டில் ஏறியதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அட, குதிரை என்னண்ணே, செத்துப்போச்சா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். வால்வுக்காரர் நிற்கவில்லை. வலது காலை அழுத்தினார், வண்டி முன்னால் போனது. இடது காலை அழுத்தினார், முன்னால் போனது. நீலப் பிடியைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. கடைசி வளைவில் பெடல் எதிலும் மோதவில்லை.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் உச்சிக்கு வந்துவிட்டார். தொட்டிச் சுவரில் வண்டியைச் சாய்த்துவிட்டு இரும்புச் சக்கரத்தைப் பிடித்தார். மேல்தெருவில் பக்கெட்டுகள் காத்திருக்கும். அந்தப் பெரியவருக்கு இப்போது மாத்திரை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று தான் கேட்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. இறங்கும்போது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, சக்கரத்தை மெதுவாகத் திருகினார். குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.